மதுரையில் குறைந்த செலவில் சாப்பிட: கடையைப் பார்க்கும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்

மதுரைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது "எந்தக் கடை நல்லா இருக்கும்?" என்றுதான். ஊர்க்காரர்கள் பத்துப் பேரிடம் கேட்டால் பத்துக் கடை சொல்வார்கள், பத்தும் நல்ல கடையாகவே இருக்கும். இருந்தும் அந்தக் கடைக்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு, "பேருதான் பெருசு" என்று சலித்துக்கொண்டு திரும்புகிறவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் கடை சரியாகத்தான் இருந்திருக்கும், போன நேரம்தான் தப்பு.

குறைந்த விலைக் கடை ஓடும் விதம் அப்படி. ஒரு தட்டில் கிடைக்கும் லாபம் கொஞ்சம். அதனால் மொத்தமாகச் சமைத்து, சீக்கிரம் விற்று, சட்டியைக் காலி செய்தாக வேண்டும். நீங்கள் வந்து உட்கார்ந்த பிறகு உங்களுக்கென்று புதிதாகச் சமைக்க ஆளும் கிடையாது, அடுப்பும் கிடையாது. ஒவ்வொரு கடைக்கும் ஒன்றரை மணி நேரமோ இரண்டு மணி நேரமோதான் உச்சம். அந்த நேரத்துக்குள் போனால் பெயரில்லாத கடையிலும் வயிறும் மனசும் நிறையும். அது கழிந்த பிறகு பேர்போன கடையிலும் மிச்சம்தான் கிடைக்கும்.

ஆகவே இந்த ஒப்பீடு நேர வரிசையில் போகிறது. கீழே வரும் விலைகள் நடுத்தரக் கடைகளின் தோராயம், கடைக்குக் கடை பத்து இருபது ரூபாய் ஏறி இறங்கும். ஒரு ஆளுக்கு ஒரு நாள் முழுக்கச் சைவம் என்றால் 300 ரூபாய்க்குள் நிறைவாக முடிக்கலாம். மதியம் ஒரு வேளை அசைவம் என்றால் 500 முதல் 600 வரை ஆகும். அதற்கு மேல் போனால் எங்கோ தேவையில்லாமல் கொடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அது பெரும்பாலும் மதியம்தான் நடக்கும்.

காலை: இட்லிக்கடையா, டிபன் ஹோட்டலா?

மாசி வீதிகளிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் வீட்டு வாசலிலேயே அடுப்பு வைத்து இட்லி அவிக்கும் கடைகள் உண்டு. ஆறு, ஆறரை மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் கடையைக் கழுவிவிடுவார்கள். இட்லி ஒன்று 8 முதல் 12 ரூபாய். உட்கார பெஞ்சு இருந்தால் பெரிய விஷயம்.

இங்கே விலைப்பலகையைவிட இட்லிக் கொப்பரையைப் பாருங்கள். ஒரு ஈடு வேக பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும். துணி விரித்து ஊற்றும் கடையில், தட்டை இறக்கியதும் துணியோடு கவிழ்த்து, மேலே கையால் தண்ணீர் தெளித்து, துணியை ஒரு ஓரத்திலிருந்து மெல்ல உரிப்பார்கள். பின்பக்கத்தில் துணியின் இழை பதிந்திருக்க, பிய்யாமல் கழன்று வரும் அந்த இட்லி நேராக இலைக்கு வந்துவிட வேண்டும். கூட்டம் குறைந்துவிட்டால் அதே இட்லி ஹாட்பாக்ஸுக்குப் போகும். ஆவி மூடியில் பட்டுத் திரும்பச் சொட்டி, மேல்புறம் நசநசத்து, உள்ளே இறுகிவிடும். அதனால் கொப்பரை மூடியிருக்கும்போது போனால் ஐந்து நிமிஷம் நின்று அடுத்த ஈடுக்குச் சாப்பிடுங்கள். "அடுத்த ஈடு எப்பண்ணே?" என்று கேட்டால் எந்தக் கடைக்காரரும் தப்பாக நினைக்க மாட்டார்.

மாவு முந்தின நாள் சாயங்காலம் அரைத்தது. சித்திரை, வைகாசி வெயிலில் ஒன்பது மணிக்கு மேல் புளிப்பு ஏறத் தொடங்கிவிடும். இட்லியில் அது உடனே தெரியும், முறுகலான தோசையில் அவ்வளவாகத் தெரியாது. ஆகவே கோடையில் ஒன்பதுக்கு முன் இட்லி, ஒன்பதுக்குப் பின் தோசை. சட்னிக்கும் இதே கணக்குதான். மதுரையில் இரண்டு இட்லிக்கு மூன்று, நான்கு சட்னி ஊற்றுவது வழக்கம். அதில் முதலில் கெடுவது தேங்காய்ச் சட்னி. தாமதமாகப் போனால் தக்காளிச் சட்னி, காரச் சட்னி, சாம்பாரோடு நிறுத்திக்கொள்வது வயிற்றுக்கு நல்லது.

டிபன் ஹோட்டலில் அதே இரண்டு இட்லி 40, 50 ரூபாய். கூடுதல் காசு எதற்கு என்றால் நாற்காலி, கை கழுவும் இடம், கழிப்பறை, நல்ல ஃபில்டர் காபி, ஒன்பதரைக்குப் பிறகும் ஓடும் அடுப்பு. ராத்திரி ரயிலில் வந்து விடியற்காலையில் இறங்கும் குடும்பத்துக்கு இதெல்லாம் காசு கொடுத்து வாங்க வேண்டியவைதான். ரயில் நிலையத்துக்கு எதிரே மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி, டவுன்ஹால் ரோடு பக்கம் நடந்தாலே நாலைந்து சைவ ஹோட்டல் கண்ணில் படும். மதுரையில் தொடங்கிச் சென்னை வரைக்கும் கிளை விரித்த முருகன் இட்லி கடையும் இந்த இரண்டாவது வகையில்தான் சேரும். நெய் மிளகாய்ப்பொடி, வெங்காய ஊத்தப்பம் என்று உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட ஏற்றது. ஆனால் வெறும் இட்லிக்காக மட்டும் என்றால், சரியான நேரத்தில் வாசல் கடையில் கிடைக்கும் இட்லிக்கு அது பெரிதாக மேலே நிற்காது.

டிபன் ஹோட்டலில் பொங்கலை எட்டரைக்கு முன் வாங்குங்கள். ஆற ஆற நெய் உறைந்து, அரிசியும் பருப்பும் கட்டிப்பட்டுவிடும். சுடுதண்ணீர் விட்டுக் கிளறிக் கொடுத்தால் மிளகு, சீரகத்தின் வாசம் போய்விடும். சாம்பார் வடை கேட்பதானால் "இப்போ போட்ட வடையா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணெயிலிருந்து எடுத்து நேரமான வடைகள் சாம்பாரில் ஊறுவது பல கடைகளில் வழக்கம். அதில் தப்பு இல்லை, ஊறிய வடைக்கென்றே ரசிகர்கள் உண்டு. மொறுமொறுப்பு வேண்டுமென்றால் மட்டும் தனி வடையாக வாங்குங்கள்.

கார்த்திகை முதல் தேதியிலிருந்து தை மாதம் பிறக்கும் வரை, சபரிமலைக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் மீனாட்சி அம்மன் கோயிலுக்கு வந்து போவார்கள். அந்த இரண்டு மாதமும் கோயிலைச் சுற்றியுள்ள சைவ ஹோட்டல்களில் காலை ஆறு முதல் ஒன்பது வரை இடம் கிடைப்பது கஷ்டம். அப்போது வாசல் கடையே மேல், இல்லாவிட்டால் வைகை ஆற்றைத் தாண்டி வடகரைக்குப் போய்விடுங்கள்.

மூன்றாவது வழி மாநகராட்சி நடத்தும் அம்மா உணவகம். 2013இல் சென்னையில் தொடங்கிப் பிற மாநகராட்சிகளுக்கும் வந்தது. தொடங்கியபோது வைத்த விலை இட்லி ஒரு ரூபாய், பொங்கல் 5, சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. காலை ஏழு முதல் பத்து, மதியம் பன்னிரண்டு முதல் மூன்று. சாம்பார் நீர்த்திருக்கும், நின்று சாப்பிட வேண்டியிருக்கும், தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஆனால் ஐம்பது ரூபாயோடு ஊரில் ஒரு நாள் ஓட்ட வேண்டிய மாணவருக்கும், ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணைக்கு இருக்கிறவருக்கும் இதற்கு ஈடான கடை வேறில்லை. காலையில் எட்டரைக்கு முன்பும், மதியம் ஒரு மணிக்கு முன்பும் போய்விட வேண்டும்.

மதியம்: பர்ஸ் கரையும் இடம்

மீனாட்சி அம்மன் கோயில் நடை மதியம் பன்னிரண்டரை மணி வாக்கில் சாத்துவார்கள், திறக்க நாலு மணி ஆகும். நடை சாத்தியதும் உள்ளே இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சித்திரை வீதிகளுக்கு வந்து, பசியோடு கண்ணில் பட்ட ஹோட்டலுக்குள் நுழைவார்கள். பன்னிரண்டே முக்கால் முதல் இரண்டு மணி வரை அந்தப் பகுதியில் சாப்பாட்டுக் கூடங்கள் திணறும். எழுந்திருப்பவரின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் நிற்பார். பரிமாறுகிறவர் ரசத்தை முடித்துவிட்டு மோருக்கு வர மறப்பார்.

இதற்கு இரண்டு வழி. பதினொன்றே முக்காலுக்குத் தரிசனத்தை முடித்து வெளியே வந்து, பன்னிரண்டுக்கு முதல் பந்தியில் உட்காருவது ஒன்று. அல்லது ஆட்டோ பிடித்து ஆற்றைத் தாண்டி தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் போய்விடுவது. பக்தர் கூட்டம் அங்கே அவ்வளவாக வராது. அங்கே கூட்டம் என்றால் ஆபீஸ் கூட்டம், ஒன்றேகாலுக்குத்தான் உச்சம்.

மதியத்துக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. சைவ முழுச் சாப்பாடு, அசைவ மெஸ், பிரியாணிக் கடை, கலவை சாதம். கடைசியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. புளிசாதமும் தயிர் சாதமும் சேர்த்து நூறு ரூபாய்க்குள் முடியும், அரைப் பசிக்குப் போதும், சின்னப் பிள்ளைகளுக்குத் தனி இலை போடுவதைவிட இதுவே சரி.

சைவ முழுச் சாப்பாடு 110 முதல் 150 ரூபாய். பொரியல், கூட்டு, அப்பளம், சாம்பார், வத்தக்குழம்பு அல்லது காரக்குழம்பு, ரசம், மோர், பாயசம் என்று வரும். சோறும் குழம்பும் மறுபடி மறுபடி கேட்கலாம். இந்தக் காசுக்கு வயிறு நிறைய வேறு வழி இல்லை. ஆனால் ஒரு இலையை இரண்டு பேர் பகிர முடியாது. அதனால் கொஞ்சமாகச் சாப்பிடுகிறவருக்கு இது நஷ்டம். அவருக்கு "அளவு சாப்பாடு" இருக்கிறதா என்று கேளுங்கள். ஏசி அறையில் உட்கார்ந்தால் அதே சாப்பாடு 30, 40 ரூபாய் கூடும். வெயிலில் நடந்து வந்த பெரியவர்கள் இருந்தால் கொடுக்கலாம், மற்றபடி ருசி ஒன்றுதான், சமையற்கட்டும் ஒன்றுதான்.

இனி அசைவ மெஸ். மதுரை என்றதும் வெளியூர்க்காரர்கள் நினைப்பது இதைத்தான். குமார் மெஸ், அம்மா மெஸ், சந்திரன் மெஸ் என்று பெயர் தெரிந்த கடைகளும், பெயர் வெளியே தெரியாத எத்தனையோ சின்ன மெஸ்களும் ஒரே முறையில்தான் ஓடுகின்றன. அந்த முறை தெரியாமல் உட்கார்ந்தால்தான் பில் எகிறும்.

இலை விரித்து, சோறு போட்டு, குழம்பு ஊற்றுவார்கள். மட்டன் குழம்பு, கோழிக் குழம்பு, மீன் குழம்பு, சில கடைகளில் நண்டுக் குழம்பு, பிறகு ரசம், மோர். சாப்பாட்டு விலை 130 முதல் 180 வரை, இந்தக் குழம்புகள் எல்லாம் அதில் அடக்கம். குழம்பில் துண்டு பெரும்பாலும் இருக்காது, கறியின் சாறுதான் இருக்கும். நீங்கள் முதல் கவளம் எடுப்பதற்குள் பரிமாறுகிறவர் ஒரு பெரிய தட்டோடு வந்து பக்கத்தில் நிற்பார். சின்னச் சின்னக் கிண்ணங்களில் மட்டன் சுக்கா, ஈரல், மூளை, குடல், கோலா உருண்டை, காடை, விரால் வறுவல், இறால். மேலே கறிவேப்பிலை பளபளக்க, சுக்காவில் எண்ணெய் இன்னும் அடங்காமல் இருக்கும். "என்ன சார் வைக்கட்டும்?" என்று கேட்டுக்கொண்டே ஒரு கிண்ணம் மேசைக்கு இறங்கியிருக்கும். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் தனி விலை. சுக்கா 180 முதல் 250, காடை ஒன்று 120க்கு மேல், மீன் வறுவல் அளவைப் பொறுத்து.

இதில் கடைக்காரர் ஏமாற்று எதுவும் இல்லை. சாப்பாட்டைக் குறைந்த விலைக்குக் கொடுக்க முடிவதே கிண்ணங்கள் விற்பதால்தான். ஆனால் கணக்கு உங்கள் கையில் இருக்க வேண்டும். இரண்டு பேர் உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு கிண்ணம் எடுத்தால் ஆயிரம் ரூபாயைத் தாண்டும். அதே இரண்டு பேர் இரண்டு சாப்பாடும், நடுவில் ஒரு சுக்காவும், ஆளுக்கு ஒரு கோலா உருண்டையும் எடுத்தால் 600 பக்கம் முடியும். வயிற்றுக்கும் அதுவே போதும். மட்டன் குழம்புக்கு ஒரு பிடி, மீன் குழம்புக்கு ஒரு பிடி, ரசத்துக்கு ஒரு பிடி என்று சோறு இறங்கும்போது இரண்டாவது கிண்ணத்துக்கு இடமே இருக்காது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். தட்டு வந்ததும் "குழம்பு ஊத்திச் சாப்பிட்டுட்டுச் சொல்றேண்ணே" என்று சொல்லிவிடுங்கள், அவர் நகர்ந்துவிடுவார். முதல் சோறு முடிந்த பிறகு விரலால் காட்டி "இது என்ன ரேட்?" என்று கேட்டு ஒன்றை எடுங்கள். அயிரை மீன் குழம்பு இருப்பதாகச் சொன்னால் கட்டாயம் விலை கேட்டுக்கொள்ளுங்கள். அயிரை சுண்டுவிரல் அளவுகூட இல்லாத ஆற்று, கண்மாய் மீன். உயிரோடு வாங்கி, உப்புத் தண்ணீரிலும் பாலிலும் விட்டு, வயிற்றில் உள்ள மண்ணைக் கக்க வைத்து, பலமுறை அலசிய பிறகுதான் குழம்பில் போட முடியும். அந்த வேலைக்கும் வரத்துக்கும் ஏற்ப விலை நாளுக்கு நாள் மாறும். சரியாக அலசாத இடத்தில் மண் நறநறக்கும். அதனால் அயிரையை எல்லாக் கடையிலும் முயல வேண்டாம், அதற்கென்று பேர் எடுத்த கடையில் மட்டும்.

கடல் மீனுக்கு இன்னொரு கணக்கு. மதுரைக்குக் கடல் இல்லை. தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கமிருந்து வண்டியில் வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த 61 நாளும் வரத்து குறைந்து, விலை கூடி, ஐஸில் கிடந்த மீனும் கலந்து வரும். அப்போது விரால் மாதிரி நன்னீர் மீனோ, ஆட்டுக்கறியோ எடுப்பதுதான் புத்திசாலித்தனம். சித்திரைத் திருவிழாவுக்கு வருகிறவர்கள் அநேகமாக இந்தத் தடைக் காலத்துக்குள்தான் வருகிறார்கள். வஞ்சிரம் வறுவலுக்கு 300 ரூபாய் கொடுத்துவிட்டு நார்நாராக இருக்கிறதென்று வருத்தப்படுவதில் பயன் இல்லை.

மெஸ்ஸுக்குச் சரியான நேரம் பன்னிரண்டரை முதல் ஒன்றேகால். இரண்டரைக்கு மேல் சுக்காவைக் கல்லில் போட்டுப் போட்டுச் சூடாக்கியிருப்பார்கள், கறி வறண்டு, மிளகு கசந்துவிடும். மூன்று மணிக்குப் போக நேர்ந்தால் கிண்ணங்களை விட்டுவிட்டு, சாப்பாடும் ஒரு ஆம்லெட்டும் கேளுங்கள். குழம்பு நேரம் போகப் போக ஊறி நன்றாகத்தான் இருக்கும், ஆம்லெட் கண் முன்னால் சூடாக வரும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இந்த நேரக் கணக்கை அரை மணி முன்னால் தள்ளிக்கொள்ளுங்கள்.

பிரியாணிக் கடையில் இந்தக் குழப்பம் இல்லை. ஒரே விலை, ஒரே தட்டு. கீழவெளி வீதி அம்சவல்லி பவன் மாதிரிப் பழைய கடைகளில் சீரக சம்பா அரிசிதான். மட்டன் பிரியாணி 250 முதல் 320 வரை. சீரக சம்பா குட்டை அரிசி, கறிச்சாற்றை நன்றாக உறிஞ்சும். பாஸ்மதி பிரியாணிபோல் தட்டில் மலைபோல் உயர்ந்து தெரியாது. "கொஞ்சமா இருக்கே" என்று நினைத்து இன்னொன்று சொல்லிவிடாதீர்கள், பாதியிலேயே வயிறு நிறைந்துவிடும். மிதமாகச் சாப்பிடும் இரண்டு பேருக்கு ஒரு மட்டன் பிரியாணி, ஒரு குஸ்கா என்று வாங்கிக் கலந்துகொண்டால் ஆளுக்கு 200 ரூபாய் பக்கம் முடியும். கறித்துண்டோடு சாப்பிட, மதிய அசைவத்தில் குறைந்த செலவு இதுதான்.

பிரியாணிக்கு முக்கியம் அண்டா. தம் உடைத்து முதல் அரை மணி நேரம் மேல் அடுக்கு போகும், அது உதிரியாக, சற்று உலர்ந்திருக்கும். நடுவில் இருப்பதுதான் அரிசியும் சாறும் சரியாகச் சேர்ந்த பகுதி. அடிக்கு வந்துவிட்டால் எண்ணெய் தேங்கி, அரிசி உடைந்து குழைந்திருக்கும். கடை பன்னிரண்டுக்குத் திறந்தால் பன்னிரண்டரைக்கு உட்காருங்கள். ஓட்டம் உள்ள கடையில் ஒன்றரைக்கு இரண்டாவது அண்டா உடைப்பார்கள், அதைக் கேட்டு வைத்துக்கொண்டு போகலாம். இரண்டரைக்குப் போனால் பிரியாணி தீர்ந்திருந்தாலும் ஆச்சரியம் இல்லை.

மெஸ்ஸா, பிரியாணியா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், மதுரைக்கு முதல் தடவை வருகிறவருக்கு மெஸ்தான். நல்ல பிரியாணி திண்டுக்கல்லிலும் ஆம்பூரிலும் உண்டு. ஒரே இலையில் நான்கு விதக் கறிக்குழம்பு ஊற்றிச் சாப்பிடும் முறையை இந்த ஊர்போல் வேறெங்கும் இவ்வளவு சுலபமாக, இவ்வளவு குறைந்த விலையில் பார்க்க முடியாது.

பில்லில் பார்க்க வேண்டியவை

ஹோட்டல் சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். 2017 நவம்பர் முதல் ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாதாரண உணவகங்களுக்கு இதே விகிதம்தான். காம்போசிஷன் என்ற, சின்ன வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டத்தில் இருக்கும் கடைகள் வரியைத் தங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும், வாடிக்கையாளரிடம் தனியாக வாங்கக் கூடாது. பில்லில் ஜிஎஸ்டி எண் இல்லாமல் வரி மட்டும் சேர்த்திருந்தால் மரியாதையாகக் கேளுங்கள். சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொல்லிவிட்டது. மெஸ்களில் அந்தப் பழக்கமே இல்லை, புதிதாகத் திறந்த ஏசி ரெஸ்டாரண்டுகளில்தான் பார்க்க வேண்டும்.

தண்ணீர் பாட்டில் இன்னொன்று. உட்கார்ந்ததும் கேட்காமலே திறந்து வைத்துவிட்டால் அது பில்லில் ஏறும். நாலு பேர் போனால் 80 ரூபாய் அதிலேயே போய்விடும். வீட்டிலிருந்தே தண்ணீர் கொண்டுபோவது எந்தச் சின்னக் கடையிலும் குற்றம் இல்லை.

மாலை நாலு முதல் ஏழு

இது சாப்பாட்டு நேரம் அல்ல, கொறிக்கும் நேரம். தேர்வும் சுலபம். ஜிகர்தண்டாவா, பருத்திப் பாலா?

ஜிகர்தண்டாவில் சுண்டக் காய்ச்சிய பால், ஊறவைத்த பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். பிசினை ராத்திரி முழுக்க ஊறவைத்தால்தான் நன்றாக உப்பிக் கண்ணாடிபோல் வழுவழுவென்று இருக்கும். அவசரத்துக்கு ஊறவைத்தால் நடுவில் கல்போல் நெருடும். விளக்குத்தூண் பக்கம் இருக்கும் புகழ்பெற்ற கடைகளில் அந்தப் பிரச்சினை வராது, ஓட்டம் அதிகம். சின்னக் கிளாஸ் போதும். பெரியதைக் குடித்தால் பாலும் சர்க்கரையும் சேர்ந்து ராத்திரிப் பசியை அடித்துவிடும்.

பருத்திப் பால் அதற்கு நேர் எதிர். பருத்திக் கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, வெல்லமோ கருப்பட்டியோ சேர்த்து, அரிசிமாவு கரைத்து, சுக்கு, ஏலம், தேங்காய் போட்டுச் சுடச்சுடத் தள்ளுவண்டியில் விற்பார்கள். கிளாஸ் 20 ரூபாய் பக்கம். மழை நாளிலும், தொண்டை கரகரக்கும்போதும், குழந்தைகளுக்கும் இதுதான். அண்டாவின் அடியில் அடுப்பு எரிந்துகொண்டிருக்க வேண்டும், அணைத்துவிட்டால் மேலே ஆடை கட்டிக் கெட்டியாகிவிடும்.

பஜ்ஜி, வடைக் கடைகளில் எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள். கறுத்து, ஓரத்தில் நுரை அடங்காமல் நின்றால் அது பலமுறை காய்ந்த எண்ணெய். அடுத்த கடைக்கு நடந்துவிடுங்கள்.

இரவு: பரோட்டாவா, கறி தோசையா, இட்லியா?

பரோட்டாக் கடை மாலை ஆறுக்கே விளக்கைப் போட்டுவிடும். ஆனால் ஆறு மணிக்குக் கிடைப்பது ஐந்து மணிக்குச் சுட்டு அடுக்கியது. ஏழரைக்கு மேல் கூட்டம் ஏற ஏறத்தான் கல்லிலிருந்து நேராக வரும். நாலைந்து பரோட்டாவை ஒன்றாகச் சேர்த்து இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடித்து அடுக்கைப் பிரிப்பார்கள். சூடாக இருக்கும்போது அடித்தால்தான் இதழ் இதழாக வரும், ஆறியதை அடித்தால் உடைந்து தூளாகும். பரோட்டா 15 முதல் 20, சால்னா இலவசம், திரும்பக் கேட்டாலும் ஊற்றுவார்கள். மூன்று பரோட்டாவும் ஒரு ஆம்லெட்டும் 80 ரூபாய்க்குள் முடியும். மெத்தென்று வேண்டுமென்றால் பன் பரோட்டா. கனமாக, எண்ணெய் தாராளமாக விட்டுச் சுடுவது, இரண்டுக்கு மேல் இறங்காது.

பத்தரைக்கு மேல் சால்னா சட்டியின் அடிக்கு வந்துவிடும். உப்பு ஏறியிருக்கும், அல்லது வெந்நீர் விட்டு நீட்டியிருப்பார்கள். அந்த நேரத்தில் கல்லில் புதிதாகச் செய்வதைக் கேளுங்கள். கொத்து பரோட்டா அதற்கு நல்ல தேர்வு. அதற்குச் சற்று ஆறிய பரோட்டாதான் பொருந்தும், சுடச்சுட இருப்பதைக் கொத்தினால் பிசுபிசுத்துப் பிண்டமாகிவிடும். கலக்கி அரைவேக்காட்டு முட்டை என்பதால் கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் தவிர்ப்பது நல்லது.

கறி தோசைக்குச் சிம்மக்கல் கோனார் கடையைத்தான் எல்லோரும் சொல்வார்கள், அதே செய்முறையில் இன்று பல கடைகள் உண்டு. ஊத்தப்பக் கனத்துக்கு மாவை ஊற்றி, அதன் மேல் முட்டையைப் பரப்பி, வெந்து மசாலாவில் சுருண்ட கொத்துக்கறியை அள்ளி வைத்து அழுத்தி, சுற்றிலும் எண்ணெய் விட்டுத் திருப்பிப் போடுவார்கள். விலை 180 முதல் 250. நல்ல பசிக்கு ஒன்று, சாதாரணப் பசிக்கு இரண்டு பேருக்கு ஒன்று. இதில் வரும் சிக்கல் காத்திருப்பு. கனமான தோசை மெல்லத்தான் வேகும், ஒரு கல்லில் மூன்று நான்கு தான் பிடிக்கும். ஆறு பேராகப் போய் ஆளுக்கொன்று சொன்னால் கடைசி ஆளுக்கு வரும்போது முதல் ஆள் கை கழுவியிருப்பார். முதலில் மூன்று சொல்லி நடுவில் வைத்துப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டே, உடனே அடுத்த மூன்றையும் சொல்லிவைப்பதுதான் வழி.

மூன்றாவது, இரவு இட்லி. மட்டன் குழம்போ குடல் குழம்போ ஊற்றிச் சாப்பிடும் இட்லி. வயதானவர்களுக்கும், பகலெல்லாம் கண்டதைச் சாப்பிட்ட வயிற்றுக்கும் மைதாவைவிட இதுவே நல்லது. கோயில் பக்கம் சைவ இட்லிக்கடைகளும் இரவில் உண்டு. அதனால் சைவமும் அசைவமும் கலந்த குடும்பம் ஒரே தெருவில் இரண்டு கடையாகப் பிரிந்து சாப்பிட்டு அரை மணியில் சேர்ந்துவிடலாம். இரண்டும் ஒரே மேசையில் வேண்டுமென்று பொதுவான ரெஸ்டாரண்டுக்குப் போனால், ஃப்ரைட் ரைஸும் கோபி மஞ்சூரியனும் சாப்பிட்டுவிட்டு மதுரையில் எதையும் சாப்பிடாமல் ஊர் திரும்ப வேண்டியிருக்கும்.

ராத்திரி ரயிலுக்குப் பார்சல் கட்டுகிறவர்கள் கவனிக்க: பரோட்டாவில் சால்னாவை ஊற்றிக் கட்டச் சொல்லாதீர்கள், தனிப் பையில் வாங்குங்கள், ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். பிரியாணி மதியம் கட்டியதை ராத்திரி ரயிலுக்கு எடுத்துப்போக வேண்டாம், வெயில் ஊரில் அது தாங்காது. தயிர் சாதம், தேங்காய்ச் சட்னி இரண்டும் கூடாது. இட்லியை ஆறவிட்டு, இரண்டு பக்கமும் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழையிலையில் கட்டித் தரச் சொல்லுங்கள். சூடாகக் கட்டினால் உள்ளே வியர்த்து ஒட்டிக்கொள்ளும். அதனால் ரயில் ஒன்பதரைக்கு என்றால் எட்டரைக்கே கடையில் சொல்லிவிட வேண்டும்.